இந்த மீனை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா? பியூஜெட் சவுண்டில் சால்மன் பிடிக்கத் தொடங்குபவருக்கு

ஆகஸ்ட் மாதத்து விடியற்காலையில் சியாட்டிலின் லிங்கன் பூங்காக் கரைக்குப் போனால், முழங்கால் தண்ணீரில் வரிசையாக நின்று தூண்டில் வீசிக்கொண்டிருப்பவர்களைப் பார்க்கலாம். யாராவது ஒருவருடைய கோல் வளையும். அவரும் மீனும் இழுத்துப் பறித்து, கடைசியில் மீன் கரையோரம் வந்து புரளும். அவர் குனிந்து அதன் முதுகைப் பார்ப்பார். குறட்டால் முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள்ளேயே போகவிட்டுவிடுவார்.

முதல்முறை இதைப் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. அத்தனை பெரிய மீன்! கடையில் அதன் விலை என்ன! பக்கத்தில் நின்ற பெரியவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "அதற்கு முதுகில் துடுப்பு இருக்கிறது" என்று மட்டும் சொன்னார். எல்லா மீனுக்கும்தானே முதுகில் துடுப்பு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் சொன்னது வேறு துடுப்பு.

நம் ஊரில் மீன்பிடித் தடைக்காலம் என்றால் குழந்தைக்கும் தெரியும். தமிழகத்தின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. ஒரே தேதி, ஒரே விதி. வாஷிங்டன் மாநிலத்தில் சால்மனுக்கு அப்படி ஒரு தேதி கிடையாது. ஒரே நாளில், ஒரே கரையில் ஒரு சால்மனை வைத்துக்கொள்ளலாம், அடுத்ததை விட்டுவிட வேண்டும். இங்கே விடவேண்டிய அதே மீனைப் பத்து மைல் தள்ளி வைத்துக்கொள்ள அனுமதி இருக்கக்கூடும். எந்தத் தண்ணீர், எந்த நாள், எந்த மீன் என்ற மூன்று கேள்விக்கும் விடை தெரிந்த பிறகுதான் மீன் உங்களுடையது. அதுவும் மீன் தண்ணீரை விட்டு வெளியே வருவதற்கு முன்பே தெரிய வேண்டும்.

விதி ஏன் இத்தனை சிக்கல்?

இதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக மனதில் நிற்கும். பசிபிக் சால்மன் ஆற்றில் பிறந்து, கடலுக்குப் போய் வளர்ந்து, முட்டையிடப் பெரும்பாலும் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து, அங்கேயே செத்துப்போகும். ஸ்காஜிட், ஸ்னோஹோமிஷ், கிரீன், புயல்லப், நிஸ்குவாலி என்று ஒவ்வோர் ஆற்றுக்கும் தனித்தனிக் கூட்டம் உண்டு. ஆனால் பியூஜெட் சவுண்ட் என்கிற இந்தக் கடல் நீட்சியில் எல்லா ஆற்று மீனும் கலந்துதான் நீந்துகிறது. ஓர் ஆற்றில் மீன் ஏராளமாக இருக்கும்போது இன்னோர் ஆற்றில் விரல்விட்டு எண்ணும் நிலை இருக்கலாம். உங்கள் முள்ளில் மாட்டியது எந்த ஆற்றுப் பிள்ளை என்று அதன் முகத்தில் எழுதியிருக்காது. பியூஜெட் சவுண்டில் இயற்கையாகப் பிறக்கும் சினூக் என்ற சால்மன் வகை 1999இல் அமெரிக்க அரசின் அழிவாபத்துப் பட்டியலில் சேர்ந்தது.

இன்னொரு காரணம் வரலாறு. 1854, 1855ஆம் ஆண்டுகளில் இப்பகுதிப் பழங்குடியினர் ஒப்பந்தங்களில் நிலத்தை விட்டுக்கொடுத்தார்கள். மீன்பிடி உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. அந்த உரிமை நூறாண்டுக்கு மேல் மதிக்கப்படவில்லை. 1974இல் நீதிபதி ஜார்ஜ் போல்ட், பிடிக்கத்தக்க மீனில் பாதி ஒப்பந்தப் பழங்குடியினருடையது என்று தீர்ப்பளித்தார். 1979இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதனால் ஒவ்வோர் ஆண்டும் மாநில அரசும் பழங்குடி அரசுகளும் உட்கார்ந்து, வரப்போகும் மீனைக் கணித்து, யார் எங்கே எப்போது பிடிப்பது என்று முடிவு செய்கிறார்கள். 'நார்த் ஆஃப் ஃபால்கன்' என்பது அந்தப் பேச்சுவார்த்தையின் பெயர். ஆரகனில் உள்ள ஃபால்கன் முனைக்கு வடக்கே உள்ள மீன்களைப் பற்றியது என்பதால் அந்தப் பெயர். ஏப்ரலில் முடிவு வரும். ஜூலை 1 முதல் அடுத்த ஜூன் 30 வரைக்குமான விதிப்புத்தகம் அச்சாகும். பழைய புத்தகத்தை நம்பிப் போகாதீர்கள். போன வருடம் வைத்துக்கொண்ட மீன் என்பது ஒரு சமாதானமே அல்ல.

முதலில் உரிமம்

இது எளிது. மாநில மீன், வனவிலங்குத் துறையின் இணையதளத்திலோ விளையாட்டுப் பொருள் கடைகளிலோ வாங்கலாம். கடலுக்கு உப்புநீர் உரிமம். ஆறு, ஏரிக்கும் சேர்த்து வேண்டுமென்றால் கூட்டு உரிமம். ஆண்டு உரிமம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான் செல்லும். பிப்ரவரியில் ஆசைப்பட்டு வாங்கினால் அடுத்த மாதமே காலாவதி. மாநிலத்தில் 90 நாள் நிலையாகக் குடியிருந்தவர்களுக்குக் குறைந்த கட்டணம். விருந்தாளியாக வந்திருக்கும் அப்பா அம்மாவுக்கு ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை குறுகிய கால உரிமம் இருக்கிறது.

சால்மனுக்கு உரிமத்தோடு பிடிப்புப் பதிவு அட்டை ஒன்றும் வேண்டும். உரிமம் வாங்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். 15 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு உரிமம் தேவையில்லை, ஆனால் சால்மன் பிடிக்க இந்த அட்டை தேவை. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

எந்தத் தண்ணீர்?

மாநிலத்தின் கடல் முழுவதையும் எண் போட்டுப் பிரித்திருக்கிறார்கள். 1 முதல் 4 வரை பெருங்கடலோரம். 5ஆம் பகுதி செக்கியூ. 7 சான் வான் தீவுகள். 9 அட்மிரால்டி நுழைவாய். 10 சியாட்டில், பிரெமர்டன். 11 டகோமா, வாஷோன். 12 ஹுட் கால்வாய். 13 தெற்குக் கோடி. சியாட்டில், பெல்வியூ பக்கம் குடியிருப்பவருக்குப் பெரும்பாலும் 9, 10, 11 என்ற மூன்று எண்கள் போதும்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பகுதிக்குள் பகுதி இருக்கும். ஒரு விரிகுடாவின் உட்பக்கம் மூடியிருக்கும், வெளிப்பக்கம் திறந்திருக்கும். கடலுக்குள் நீளும் பொது மீன்பிடிப் பாலங்களுக்குத் தனி விதி இருப்பதுண்டு; பக்கத்துத் தண்ணீரில் சால்மன் மூடியிருந்தாலும் பாலத்தின்மேல் நின்று பிடிக்க அனுமதி இருக்கும். படகில்லாத புதியவருக்கு அது வரப்பிரசாதம். ஆறுகளோ வேறு உலகம். பாலத்துக்குப் பாலம் விதி மாறும். முதல் வருடம் கடற்கரையோடு நின்றுகொள்வது நல்லது என்பது என் கருத்து.

எந்த நாள்?

சினூக், பிங்க், கோஹோ, சம், சாக்கை என்று இங்கே சால்மன் ஐந்து வகை. ஒவ்வொன்றும் மாதம் பார்த்துத்தான் வரும். ஜூலை, ஆகஸ்டில் சினூக். பிங்க் சால்மன் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும் கூட்டங்கூட்டமாக வரும். 2025இல் வந்தது, அடுத்து 2027. ஆகஸ்டில் அது வந்துவிட்டால் லிங்கன் பூங்காவில் கார் நிறுத்த இடம் கிடைக்காது. கற்றுக்கொள்ள இதைவிட நல்ல மீன் இல்லை. இளஞ்சிவப்புத் தூண்டிலை எதிரே போட்டாலே பாயும். ஆகஸ்ட் கடைசியில் தொடங்கி அக்டோபர் வரை கோஹோ, அதன் உச்சம் செப்டம்பர். அக்டோபர் முடிந்து நவம்பரில் சம். சாக்கை சால்மன் ஜூன், ஜூலையில் பாலார்டு நீர்ப்பூட்டு (கடலுக்கும் ஏரிக்கும் நடுவே படகை ஏற்றி இறக்கும் மதகு) வழியாக வாஷிங்டன் ஏரிக்குள் ஏறும். அங்கே மீன் படிக்கட்டில் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம், குழந்தைகளைக் கூட்டிப்போங்கள். ஆனால் அந்த ஏரியில் 2006க்குப் பிறகு சாக்கை பிடிக்கப் பொதுமக்களுக்குத் திறக்கவில்லை.

மீன் வரும் மாதம் என்பதாலேயே வைத்துக்கொள்ளும் மாதம் ஆகிவிடாது. சினூக்குக்கு ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் ஒதுக்கீட்டு எண் வைத்திருப்பார்கள். படகுத்துறைகளில் ஆள் நின்று எண்ணுவார்கள். எண் நிறைந்ததும் மூடிவிடுவார்கள். ஒரு மாதம் என்று புத்தகத்தில் போட்டிருந்த பருவம் ஒரு சில நாட்களிலேயே முடிந்ததுண்டு. அதேபோல, ஆகஸ்ட், செப்டம்பரில் பல பகுதிகளில் சம் மாட்டினால் விட்டுவிட வேண்டும் என்று இருக்கும். ஹுட் கால்வாயின் கோடைக்காலச் சம்மும் 1999இல் பட்டியலில் சேர்ந்த மீன். அந்தச் சமயத்தில் கடலில் திரிவது அதுவாக இருக்கலாம். நவம்பரில் வருகிற சம் வேறு கூட்டம், அதற்கு அந்தக் கட்டுப்பாடு இராது.

ஆகவே அச்சுப் புத்தகம் பாதி விதிதான். பருவத்தின் நடுவே துறை வெளியிடும் அவசர விதிதான் மறுபாதி. கிளம்பும் அன்று காலையில் துறையின் இணையதளத்தில் அவசர விதிப் பக்கத்தைப் பாருங்கள். 'ஃபிஷ் வாஷிங்டன்' என்ற அவர்களுடைய செயலியில் நிற்கிற இடத்தை வைத்தே விதியைப் பார்க்கலாம். கரையில் சிக்னல் கிடைக்காமல் போகலாம், அதனால் வீட்டிலேயே திரையைப் படம் பிடித்துக்கொள்வேன். நேற்று இரவு பார்த்தேன் என்று சொல்லிக்கொண்டு போய் மூடியிருந்த தண்ணீரில் தூண்டில் போட்ட நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. நல்லவேளை, மீன் மாட்டவில்லை; அபராதம் மட்டும் மாட்டியது.

எந்த மீன்?

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். நம் ஊரில் காலா மீனை 'இந்தியன் சால்மன்' என்று சொல்லி விற்பார்கள். அதற்கும் சால்மனுக்கும் தாயாதி உறவுகூடக் கிடையாது. காலாவை வெட்டிப் பழகிய கை இங்கே அடையாளம் காண உதவாது.

கடலில் இருக்கும்போது ஐந்து வகைச் சால்மனும் வெள்ளியாகவே மின்னும். சிவப்பும் பச்சையும் கொக்கித் தாடையும் ஆற்றில் ஏறும் காலத்தில் வரும் கோலம். அதனால் நிறத்தை விட்டுவிட்டு வாலையும் வாயையும் பாருங்கள். வாலின் மேல்பாதி, கீழ்பாதி இரண்டிலும் புள்ளி, கீழ்த்தாடைப் பல்லடியில் ஈறு கறுப்பு என்றால் சினூக். வாலின் மேல்பாதியில் மட்டும் புள்ளி, பல்லடி ஈறு வெளுப்பு என்றால் கோஹோ. முதுகிலும் வால் முழுக்கவும் முட்டை வடிவத்தில் பெரிய பெரிய கரும்புள்ளி, செதில் மிகப் பொடி என்றால் பிங்க். சம்முக்கும் சாக்கைக்கும் வாலில் புள்ளியே இராது. சம்முக்குப் பக்கவாட்டில் மங்கலான பட்டைகள் தெரியலாம். இந்த ஐந்தில் சினூக்கையும் கோஹோவையும் பிரித்துச் சொல்லத் தெரிவதுதான் உயிர்நாடி. சின்ன சினூக்கைக் கோஹோ என்று நினைத்துக் கூடையில் போடுவது புதியவர் செய்யும் தவறுகளில் முதலிடம். வால் ஏமாற்றும், ஈறு ஏமாற்றாது.

இப்போது அந்தப் பெரியவர் சொன்ன துடுப்புக்கு வருவோம். முதுகின் பெரிய துடுப்புக்கும் வாலுக்கும் நடுவில், எலும்பில்லாமல் சதைத்துணுக்கு மாதிரி ஒரு சின்னத் துடுப்பு இருக்கும். அதன் பெயர் கொழுப்புத் துடுப்பு. மீன் பண்ணையில் பொரித்த குஞ்சுகளுக்கு, ஆற்றில் விடுவதற்கு முன்பே இதை வெட்டிவிடுகிறார்கள். அது திரும்ப வளராது. துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஆறிய தழும்பு இருந்தால் அது பண்ணை மீன். மக்கள் பிடிப்பதற்காகவே விட்டது, பருவம் திறந்திருந்தால் வைத்துக்கொள்ளலாம். துடுப்பு இருந்தால் இயற்கை மீன் என்று கொள்ள வேண்டும். சினூக்குக்குப் பியூஜெட் சவுண்டில் ஏறக்குறைய எப்போதும் இந்த விதிதான். கோஹோவுக்குப் பகுதியையும் மாதத்தையும் பொறுத்தது. பண்ணைகள் சில குஞ்சுகளை வெட்டாமலும் விடுகின்றன. அதெல்லாம் உங்கள் கவலை அல்ல. இந்த விதி உள்ள இடத்தில் துடுப்பு இருந்தால் விட்டுவிடுங்கள். புத்திசாலித்தனமாகக் கத்தியால் நீங்களே வெட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். புதுக்காயத்தையும் ஆறிய தழும்பையும் அதிகாரிகள் ஒரு பார்வையில் சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது நீளம். பியூஜெட் சவுண்டில் சினூக் 22 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, அதாவது சுமார் 56 சென்டிமீட்டர். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை அளக்க வேண்டும். தூண்டில் கோலிலேயே 22 அங்குலத்தில் ஒரு நாடா ஒட்டி வைத்துவிட்டால் மீனைத் தூக்காமலே பார்த்துவிடலாம்.

தூண்டில் போடுவதற்கு முன் ஐந்து நிமிடம்

5 முதல் 13 வரையிலான கடல் பகுதிகளில் சால்மனுக்கு எதிர்முள் (முள் நுனியருகே பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கூர்) இல்லாத தூண்டில் முள்தான் போட வேண்டும். கடையில் வாங்குவதில் பெரும்பாலும் எதிர்முள் இருக்கும். குறட்டால் நெரித்துத் தட்டையாக்கி, துணியில் குத்தி இழுத்துப் பாருங்கள். சிக்காமல் வந்தால் சரி. கரையிலிருந்து வீச 'பஸ் பாம்' என்றொரு உலோகத் தூண்டில் இங்கே பேர்போனது. பெயர்தான் பயங்கரம், சாதனம் சாது. முடிச்சில்லாத ரப்பர் வலை, அளவுநாடா, பேனா, ஐஸ் பெட்டி, அட்டை. இவ்வளவு போதும். எதை மறந்தாலும் பேனாவை மறக்காதீர்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மீன் மாட்டியதும்

மெதுவாக, ஆனால் அலுக்கவிடாமல் இழுங்கள். மிகவும் களைத்த மீனை விட்டாலும் பிழைக்காது. முழங்கால் தண்ணீருக்கு வந்ததும் வகை, துடுப்பு, நீளம் மூன்றையும் தண்ணீரிலேயே பாருங்கள். விடவேண்டிய மீனைப் படகுக்குள் தூக்கிப் போடுவதே குற்றம். மடியில் வைத்துப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு விடலாம் என்ற எண்ணம் வேண்டாம். கையை நனைத்துக்கொண்டு, செவுளைத் தொடாமல், முள்ளைக் குறட்டால் பிடித்துத் திருப்பினால் கழன்றுவிடும். ஆழமாக விழுங்கியிருந்தால் தூண்டில் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள்.

மூன்றில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் விட்டுவிடுங்கள். விட்ட மீனுக்கு அபராதம் கிடையாது.

வைத்துக்கொள்ளும் மீன் என்றால் உடனே தலையில் ஓங்கி அடித்து, செவுளை வெட்டி ரத்தத்தை வடியவிட்டு, ஐஸில் வையுங்கள். அதன் தலை, வாலை வெட்டித் துண்டு போடுவது கரையில் கூடாது. வகையும் நீளமும் எண்ணிக்கையும் தெரியாதபடி மீனை வைத்திருப்பது விதிமீறல். குழம்புத் துண்டு வீட்டில் போட்டுக்கொள்ளலாம்.

ஒரு நாள் வரம்பு பியூஜெட் சவுண்டில் பெரும்பாலும் 2 சால்மன். பிங்க் வருடங்களில் பல பகுதிகளில் அதற்குமேல் 2 பிங்க் கூடுதலாக விடுவார்கள். ஒருமுறை கூடையில் போட்ட மீன் கணக்கில் சேர்ந்துவிட்டது. பிறகு பெரிது மாட்டியதும் சின்னதைத் திரும்பத் தண்ணீரில் விட்டுக் கணக்கைச் சரிசெய்ய முடியாது. மனைவி பெயரிலும் உரிமம் எடுத்துவைத்துவிட்டு, அவர் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்க, இரண்டு பேர் பங்கையும் கணவரே கரையில் நின்று பிடிப்பதும் செல்லாது. கோலை அவர் கையில் கொடுங்கள். எங்கள் வீட்டில் அப்படிக் கொடுத்த பிறகு என் பங்கு குறைந்துபோனது வேறு கதை.

பேனா எதற்கு?

மீன் கூடைக்குள் போன அந்தக் கணமே பதிவு அட்டையில் எழுத வேண்டும். தேதி, பகுதி எண், வகை, துடுப்பு வெட்டியதா இல்லையா. காகித அட்டையானால் மையால் எழுத வேண்டும், பென்சில் ஆகாது. கையெல்லாம் செதில், காற்றில் அட்டை பறக்கிறது, அடுத்த கூட்டம் கண்ணெதிரே துள்ளுகிறது. அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. மூன்றாவது வீச்சுக்குப் பின்னால் ஓர் அதிகாரி வந்து, வணக்கம் சொல்லி, மீனைப் பாராட்டி, அட்டையைக் கேட்டார். அட்டையில் வரி காலி. எச்சரிக்கையோடு விட்டது அவருடைய பெருந்தன்மை.

பகுதி எண்ணும் வகையும் எழுதுவது வெறும் சடங்கல்ல. அடுத்த ஏப்ரலில் உட்கார்ந்து கணக்குப் போடுபவர்கள் இந்த அட்டைகளையும் வைத்துத்தான் போடுகிறார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

வைத்திருக்கும் அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. புது மீனாக இரண்டு நாள் வரம்பு வரை வைத்திருக்கலாம். உறையவைத்ததற்கும் பதப்படுத்தியதற்கும் அந்தத் தடை இல்லை. விற்கக் கூடாது. நண்பருடைய மீனை உங்கள் காரில் எடுத்துவருவதாக இருந்தால் அவருடைய பெயர், முகவரி, உரிம எண், தேதி, பிடித்த இடம், வகை, எண்ணிக்கை எழுதிக் கையெழுத்திட்ட சீட்டு உங்களிடம் இருக்க வேண்டும்.

சாப்பிடுவதைப் பற்றி மாநில சுகாதாரத் துறை ஓர் அட்டவணை வெளியிட்டிருக்கிறது. கோஹோ, பிங்க், சம், சாக்கை ஆகியவற்றை வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை சாப்பிடலாம். பியூஜெட் சவுண்ட் சினூக்கை வாரம் ஒருமுறை. கடலுக்குப் போகாமல் சவுண்டிலேயே தங்கி வளரும் சினூக்கை இங்கே பிளாக்மவுத் என்பார்கள். அதை மாதம் இருமுறையோடு நிறுத்த வேண்டும், ஏனென்றால் நகரத்துக் கழிவின் நஞ்சு அதில் கூடுதலாகச் சேர்கிறது. டுவாமிஷ் ஆற்றில் பிடிக்கிறவர்கள் கவனிக்க: அங்கே கடலிலிருந்து ஏறிவரும் சால்மன் மட்டும் சாப்பிடத்தக்கது. அந்த ஆற்றிலேயே வாழும் மீன், நண்டு, சிப்பி எதையும் தொடவேண்டாம். பச்சையாகச் சாப்பிட நினைப்பவர்கள் ஒட்டுண்ணி சாக, கழித்தல் 20 டிகிரி செல்சியஸில் 7 நாள் உறையவைக்க வேண்டும். புளிக்குழம்பில் போடுபவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. பிங்க் சதை மென்மையானது, அன்றே சமைத்துவிடுங்கள். குழம்புக்குச் சம்தான் உடையாமல் நிற்கும் என்பது எங்கள் வீட்டுத் தீர்ப்பு.

மார்ச் 31இல் உரிமம் முடிந்ததும் பதிவு அட்டையை ஏப்ரல் 30க்குள் துறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும்; இணையத்திலும் பதிவு செய்யலாம். ஒரு மீன்கூடப் பிடிக்காதவர்களும், வாங்கிவைத்துவிட்டுக் கரைக்கே போகாதவர்களும் அனுப்ப வேண்டும். என் முதல் வருட அட்டையில் இருந்தது ஒரே வரி: செப்டம்பர், பகுதி 10, கோஹோ, துடுப்பு வெட்டியது.